மூன்று பேரும் ஒரு பெயரும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள், மலையடிவாரத்தை எட்டுவதற்கு முன்னால் சாலையோரத்தில் ஒரு வளைவைப் பார்த்திருப்பார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் வாசல் அது. 1935-ஆம் வருஷம் டி. ஆர். சுந்தரம் ஆரம்பித்து, நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளிய இடம். இன்று உள்ளே ஸ்டூடியோ இல்லை. வாசல் மட்டும் நிற்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம், சினிமா என்பதே இப்படித்தான், வாசலைத்தான் நாம் ஞாபகம் வைத்துக் கொள்கிறோம், உள்ளே இருந்தவர்களை மறந்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றும். பஸ் அதற்குள் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பிவிடும். இருபது வளைவுகள். பத்தாவது வளைவுக்குமேல் தத்துவ விசாரம் யாருக்கும் சாத்தியமில்லை; எலுமிச்சம்பழத்தைத்தான் தேடவேண்டும்.

சென்ற மே மாதம் நான் ஏற்காட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஒரு நாவலை முடிப்பதற்காகப் போனேன், முடிக்கவில்லை. அது கிடக்கட்டும். மே மாதம் ஏற்காட்டுக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். சர்க்கார் நடத்தும் கோடை விழா, மலர்க் கண்காட்சி ஒரு பக்கம். மலையின் உச்சியில் குகைக்குள் குடியிருக்கும் சேர்வராயனுக்குத் திருவிழா மற்றொரு பக்கம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் கொண்டுவந்து வைத்த காப்பிச் செடிகள் இன்றைக்கும் சரிவெல்லாம் பச்சை விரித்திருக்கின்றன. ஓங்கி நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில், ஒரு நாள் மாலை, ஏரிக்குப் பக்கத்தில் போட்டிருந்த ஒரு சிறு மேடையில் மூன்று பையன்கள் ஏறி நின்றார்கள்.

ஒருவன் கையில் கிட்டார். இன்னொருவன் கையில் நான்கே தந்திகள் உள்ள தடித்த கிட்டார். பேஸ் கிட்டார் என்கிறார்களே, அது. மூன்றாமவன் டிரம்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். முன்னே விரித்த நாற்காலிகளில் சுமார் நாற்பது பேர். அவர்களில் பாதிப்பேர் கால் வலிக்காக உட்கார்ந்தவர்கள்.

பையன்கள் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்ட ஒரு பாட்டைப் பாடினார்கள். மலைப்பாதையில் பால் கேன் ஏற்றிப்போகும் ஒரு மோட்டார் சைக்கிள்காரனைப் பற்றிய பாட்டு. எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது பாட்டு ஆரம்பிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"ராஜா பாட்டுப் போடுங்கப்பா!"

அப்புறம் பல குரல்கள். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையராஜாவின் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். கை தட்டல் ஏரியைத் தாண்டிக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அவர்களுடைய சொந்தப் பாட்டுக்கு இடமே இல்லாமற் போய்விட்டது. ஏழு மணிக்கு மூடுபனி இறங்கியது. ஈரக் குளிரில் கிட்டாரின் சுருதி கலைந்தது. கிட்டார்ப் பையன் முறுக்காணிகளைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, "இத்தோட முடிச்சுக்கறோம்" என்று சொல்லி இறங்கிவிட்டான்.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு அருகே டீக்கடையில் மூவரையும் பார்த்தேன். கிட்டார்ப் பையன் இங்கேயே ஒரு காப்பித் தோட்டத்தின் லயத்தில் பிறந்தவன். பேஸ் வாசிப்பவன் சேலத்துப் பையன். அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. டிரம் வாசிப்பவனின் தகப்பனார் பஸ் டிரைவர். அந்த இருபது வளைவுகளில்தான் உத்தியோகம்.

"பாட்டு நன்றாக இருந்தது, தம்பி" என்றேன்.

"எதுங்க சார்? ராஜா சார் பாட்டுங்களா?" என்று கேட்டான் கிட்டார்ப் பையன். அதில் கொஞ்சம் கசப்பு இருந்தது.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. கல்யாணக் கச்சேரிக் குழு ஒன்றில் அவனைக் கூப்பிடுகிறார்களாம். மாதம் நிச்சயமான பணம். ஆனால் சினிமாப் பாட்டு மட்டும்தான். சொந்தச் சரக்குக்கு அங்கே இடமில்லை. போனால் இந்த மூவர் குழு கலைந்துவிடும். போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது சிரமம். "அவரு ஒருத்தர் இருக்கற வரைக்கும் எங்க பாட்டை யார் சார் கேட்பாங்க?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் மனம் புண்படுமே என்று அடக்கிக்கொண்டேன். அவன் யாரைத் தன் வழியில் நிற்கும் மலையாக நினைக்கிறானோ, அவரும் ஒரு காலத்தில் இப்படி மூன்று பேரில் ஒருவராக நின்றவர்தான். அவரும் பத்து வருஷம் மேடை மேடையாக அலைந்தவர்தான். அந்தக் கதையை அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னேன். சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

கதை வேறொரு மலையின் அடிவாரத்தில் ஆரம்பிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழே, தேவாரத்துக்கும் கோம்பைக்கும் பக்கத்தில் பண்ணைப்புரம் என்று ஒரு கிராமம். இன்று தேனி மாவட்டம். அப்போது மதுரை ஜில்லா. மலைக்கு மேலே தேயிலைத் தோட்டங்கள். கீழே அங்கே வேலைக்குப் போகும் ஜனங்கள். அந்த ஊர்க்காரரான டேனியல் ராமசாமியும் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். அவருடைய மனைவி சின்னத்தாயம்மாள். பிள்ளைகளில் மூத்தவர் வரதராஜன். அவருக்குப் பின் பாஸ்கர். 1943-ல் பிறந்த ராசையா. 1947-ல் பிறந்த அமர்சிங். ராசையாதான் பிற்பாடு இளையராஜா. அமர்சிங் கங்கை அமரன்.

தகப்பனார் சீக்கிரமே காலமாகிவிட்டார். குடும்பத்தின் பாரம் தாயின் தலையிலும் மூத்தவர் தலையிலும் விழுந்தது. ராசையாவின் பள்ளிப் படிப்பு நடுவிலேயே நின்றது. வைகை அணை கட்டும்போது அங்கே போய்க் கூலி வேலை செய்திருக்கிறார். 1959-ல் திறந்த அந்த அணையின் சுவரில் அவர் ஊற்றிய தண்ணீரும் கொஞ்சம் ஊறியிருக்கிறது.

மூத்தவர் வரதராஜன் கவி பாடுகிறவர். ஊர் அவருக்குப் 'பாவலர்' என்று பட்டம் கொடுத்தது. கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். ஓர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு கட்சி மேடைகளில் பாட ஆரம்பித்தார். அவருடைய முறை எளிமையானது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு சினிமா மெட்டையோ தெம்மாங்கையோ எடுத்துக்கொள்வார்; அதில் தம்முடைய வார்த்தைகளை ஏற்றுவார். மெட்டு ஏற்கெனவே ஜனங்களின் காதில் இருக்கிறது. வார்த்தை மட்டும் புதிது. சிரிக்க வைப்பார், சிரித்துக்கொண்டே இருக்கும்போது சுருக்கென்று ஒரு வார்த்தையால் குத்துவார். அரசியல் மேடையில் பேச்சாளர் வருவதற்கு முன் கூட்டம் சேர்க்கத்தான் பாட்டு என்பார்கள். பாவலருடைய விஷயத்தில் பாட்டு முடிந்தபின் பேச்சாளர்கள்தாம் திண்டாடியிருப்பார்கள்.

1957-ல் கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்டு மந்திரிசபை ஏற்பட்டது. அந்தத் தேர்தலில் தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-ல் அங்கே மறு தேர்தல் வந்தது. தேவிகுளம் என்பது மூணாற்றுத் தேயிலைச் சீமை. ராஜ்யங்களைப் பிரித்தபோது அது கேரளத்துக்குப் போயிற்று. ஆனால் தேயிலை கிள்ளும் கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். அவர்களிடம் மலையாளத்தில் பிரசங்கம் செய்து என்ன பயன்? பாவலர் ஆர்மோனியத்துடன் மலையேறினார். லயம் லயமாகப் போய்ப் பாடினார். ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றியைப் பாவலருடைய பாட்டுக்கே உரியதாக்கி நம்பூதிரிபாட் பாராட்டினார் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். ஒரு மந்திரிசபையின் பலம் ஓர் ஆர்மோனியத்தின் துருத்தியைச் சார்ந்திருந்தது என்றால் சரித்திர ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் குளிர்ந்த மலையில், ஒரு நாள் முழுதும் கூடை சுமந்துவிட்டு வந்தவர்களுக்குத் தங்கள் பாஷையில் ஒரு பாட்டு என்ன செய்யும் என்பதை, ஏற்காட்டு லயத்தில் பிறந்த அந்தப் பையனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "தெரியும் சார்" என்று தலையாட்டினான்.

இந்தக் காலத்தில்தான் ராசையா குழுவில் சேர்ந்தார். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை; துணைக்குப் போய் வா என்று தாய் அனுப்பினாள். வயது பதினான்கு, பதினைந்து. குரல் இன்னும் உடையவில்லை. ஆகையால் பெண் குரல் பாட்டெல்லாம் அவருக்கு. சில காலத்துக்குப் பிறகு இயற்கை தன் வேலையைச் செய்தது. குரல் உடைந்தது. நேற்றுவரை கேட்டுக் கிறங்கிய கூட்டம் சிரித்தது.

மேடையில் நின்று கூட்டம் சிரிப்பதைக் கேட்ட பையன் இரண்டில் ஒன்று செய்வான். ஓடிப்போவான், இல்லாவிட்டால் ஒளிந்துகொள்ள ஓர் இடம் தேடுவான். ராசையா ஆர்மோனியத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பெண் குரலுக்குத் தம்பி அமர் வந்தான். பாஸ்கர் தாளத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் ஆர்மோனியம் அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. அது அண்ணனுடைய பொருள். கோயம்புத்தூரில் வாங்கியது. சிறுவர்கள் தொடக்கூடாது என்று உத்தரவு. அண்ணன் வெளியே போன சமயம் பார்த்துத் தம்பி திருட்டுத்தனமாக வாசித்துப் பழகினார். அகப்பட்டுக்கொண்டு அடியும் வாங்கியிருக்கிறார். அடி வாங்கிய அதே ஆர்மோனியத்தை அவர் இன்றளவும் தம்மிடம் வைத்திருக்கிறார் என்பதை நினைத்தால், மனித மனம் விநோதமானது என்றுதான் சொல்லவேண்டும்.

ஏறக்குறைய பத்து வருஷம் இவ்விதம் கழிந்தது. திருவிழா, மாநாடு, தேர்தல், நாடகம் என்று தமிழ்நாடு பூராவும் சுற்றினார்கள். கட்சி மேடையில் கூலி என்று பெரிதாக என்ன கிடைக்கும்? சாப்பாடு கிடைத்தால் சந்தோஷம். ஆனால் அந்தப் பத்து வருஷத்தில் வேறொன்று கிடைத்தது. எந்த ஊரில் எந்த மெட்டுக்குத் தலை ஆடும், எந்த இடத்தில் தாளத்தை நிறுத்தினால் கூட்டம் மூச்சைப் பிடிக்கும், எந்தப் பாட்டுக்குக் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள் என்பது மூன்று பேருடைய ரத்தத்திலும் ஏறியது. ஒப்பாரி, தாலாட்டு, கும்மி, நடவுப் பாட்டு எல்லாம் தாயிடமும் ஊரிடமும் சும்மா கிடைத்தவை. அவற்றோடு சினிமா மெட்டுகள். மற்றவர்களுடைய மெட்டைப் பாடுவது வீண் வேலை என்று நினைத்திருந்த பேஸ் கிட்டார்ப் பையன் இந்த இடத்தில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். நான் ஒன்றும் கல்யாணக் கச்சேரிக்காரர்களின் ஏஜெண்டு அல்ல என்று சொல்லி மேலே போனேன்.

1964-ல் ஜவஹர்லால் நேரு மறைந்தபோது கண்ணதாசன் ஓர் இரங்கற்பா எழுதினார். ராசையா அதற்கு மெட்டுப் போட்டார். அவர் போட்ட முதல் மெட்டு என்று சொல்லப்படுவது இதுதான். அதாவது, மெட்டைக் கடன் வாங்கி வார்த்தையை ஏற்றுவது அண்ணனுடைய வழி. வார்த்தையைக் கடன் வாங்கி மெட்டைத் தானே செய்வது தம்பியின் வழி. குழு இரண்டாகப் பிரிந்தது என்று நாம் தேதி குறிப்பதானால், சண்டை ஒன்றும் இல்லாத அந்த நாளைத்தான் நான் குறிப்பேன்.

பக்கத்தில் அல்லிநகரத்துக்காரரான சின்னசாமி என்ற சுகாதார இன்ஸ்பெக்டர் அந்த வட்டாரத்தில் வேலை பார்த்தார். கிராமம் கிராமமாகப் போய்ச் சுகாதாரத்தைக் கவனிக்க வேண்டியவர், நாடகத்தைக் கவனித்தார். அவர் நாடகம் போட, சகோதரர்கள் வாசித்தார்கள். சின்னசாமி சினிமாவைத் தேடிச் சென்னைக்குப் போனார். பிற்காலத்தில் பாரதிராஜா என்ற பெயரில் நாம் அறிந்தவர் அவர்தான். அவர் போன வழியைப் பார்த்துக்கொண்டே இருந்த மூன்று சகோதரர்களும் 1968 வாக்கில் தாங்களும் கிளம்பினார்கள். பாவலர் கிளம்பவில்லை. அவருக்கு மேடை இருந்தது, ஊர் இருந்தது, குடும்பம் இருந்தது.

கிளம்பப் பணம்? வீட்டில் இருந்த பெரிய சொத்து ஒரு ரேடியோ. சின்னத்தாயம்மாள் அதை நானூறு ரூபாய்க்கு விற்றுப் பணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தாள். அதில் தனக்கென்று அவள் ஒரு காசுகூட எடுத்துக்கொள்ளவில்லை என்று இளையராஜா சொல்லியிருக்கிறார். நான் நாவல் எழுதுகிறவன். இப்படி ஒரு சம்பவத்தைக் கதையில் எழுதினால், "ரேடியோவை விற்றுச் சங்கீதக்காரனை அனுப்பினாளாம், நம்பும்படியாக இல்லையே" என்று பத்திராதிபர் திருப்பி அனுப்பிவிடுவார். உண்மைக்கு அந்தக் கவலை இல்லை.

பட்டணத்தில் வந்து இறங்கிய மூவரும் ஜெயகாந்தனைப் பார்க்கப் போனார்கள். அவரும் கம்யூனிஸ்டுக் கட்சியோடு வளர்ந்தவர். தோழர்களின் குடும்பம் என்றால் ஆதரவு கிடைக்கும் என்று எண்ணம். உங்களை நம்பித்தான் வந்திருக்கிறோம் என்றார்களாம். ஜெயகாந்தன் சீறிவிட்டார். என்னை நம்பி நீங்கள் எப்படி வரலாம் என்று கேட்டு அனுப்பிவிட்டார். மூவரும் தெருவில் வந்து நின்றார்கள். இந்தக் கதையை இளையராஜாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார், சற்றும் கோபமில்லாமல். கடுமையான வார்த்தைதான். ஆனால் ஒரு கட்சியையோ பெரிய மனிதரையோ சாராமல் நிற்பது என்றால் என்ன என்பதை அவர்களுக்கு முதன்முதலில் சொன்னவர் ஒரு கதாசிரியர் என்பதில் எனக்கு, தொழில் அபிமானத்தால், கொஞ்சம் பெருமையும் உண்டு.

நாடகங்களுக்கும் மெல்லிசைக் கச்சேரிகளுக்கும் 'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயரில் வாசித்தார்கள். அண்ணன் ஊரில் இருந்தார். அவருடைய பட்டம் மட்டும் பட்டணத்து மேடைகளில் இருந்தது. ஆர்மோனியம் ஒருவருக்கு, தாளம் ஒருவருக்கு, கிட்டார் ஒருவருக்கு.

இந்த இடத்தில் மூவர் குழு என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். டீக்கடையில் டிரம் பையன்தான் இதை எனக்கு விளக்கினான். நான் அவனிடம் கற்றுக்கொண்டேன். 1966-ல் லண்டனில் 'கிரீம்' என்று மூன்று பேர் சேர்ந்த ஒரு ராக் குழு தோன்றியது. அதே வருஷம் அதே ஊரில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற அமெரிக்கர் இரண்டு ஆங்கிலேயர்களைச் சேர்த்துக்கொண்டு மூவர் குழு அமைத்தார். கிட்டார், பேஸ், டிரம்: அவ்வளவுதான். ஐந்து பேர் வாசித்தால் ஒருவர் தவறு மற்றவர் சத்தத்தில் மறைந்துவிடும். மூவரில் அது நடக்காது. கிட்டார்க்காரன் ஸ்வரங்களைத் தனித்தனியாக உருட்டப் போய்விட்டால், அடியில் வெறும் பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பேஸ் வாசிப்பவன் நிரப்பியாகவேண்டும். ஆகவே அவன் சும்மா ஆதார ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டு இருக்க முடியாது. அவனும் கீழே ஒரு பாட்டுப் பாடியாக வேண்டும். "பற்றாக்குறையிலதான் சார் சத்தமே வரும்" என்றான் பையன்.

இதைக் கேட்டதும் எனக்கு ஆர்மோனியம் ஞாபகம் வந்தது. நம் ஊர் ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு கை. அந்த ஒரு கையால் பாடகனுக்குத் துணை போக வேண்டும், பாட்டு நிற்கும் இடத்தில் இடைவெளியை நிரப்பவேண்டும், கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பத்து வருஷம் அப்படி ஒற்றைக் கையால் பள்ளம் நிரப்பியவருக்கு, இரண்டு கைகளும் பல வாத்தியங்களும் கிடைத்தால் என்ன ஆகும்?

கிடைத்தது. மயிலாப்பூரில் சாயி லாட்ஜில் ஓர் அறையில் தன்ராஜ் மாஸ்டர் குடியிருந்தார். மேல்நாட்டுச் சங்கீதத்தைக் கரைத்துக் குடித்தவர். பிற்காலத்தில் சிறுவன் ஏ. ஆர். ரஹ்மானுக்கும் பாடம் சொன்னவர். 1968-ல் ராசையா அவரிடம் போய்ச் சேர்ந்தார். ராசையா என்ற பெயரை 'ராஜா' என்று அவர் சுருக்கினார். எழுதிப் படிக்கும் சங்கீதம் அங்கேதான் கைவந்தது. பியானோ, கிட்டார். லண்டன் டிரினிடி கல்லூரியின் கிட்டார்ப் பரீட்சையில் தங்கப் பதக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாக் என்ற ஜெர்மானிய மேதையின் சங்கீதம் கிடைத்தது. 1750-ல் இறந்துபோனவர். நம் சங்கீதத்தில் ஒரு ராகம் ஒரு நதியைப் போல் ஒரே ஓட்டமாகப் போகும். பாக்கின் சங்கீதத்தில் இரண்டு மூன்று பாட்டுகள் ஒரே சமயத்தில் ஓடும். ஒவ்வொன்றும் தனிப் பாட்டு, ஆனால் ஒன்றுக்கொன்று இசைவு. புருஷனும் பெண்சாதியும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், இரண்டு பேர் பேசுவதும் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது, சண்டையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நடக்காது; பாக்கின் சங்கீதத்தில் நடக்கிறது. மேலே ஒரு தெம்மாங்கு போகும்போது கீழே பேஸ் கிட்டார் வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகலாம் என்பது தெம்மாங்குக்காரரான ராஜாவுக்கு அங்கே தெரிந்தது. இளையராஜா பாட்டு என்று நாம் ஓரடியிலேயே கண்டுபிடித்துவிடுகிறோமே, பல சமயங்களில் அந்தக் கீழ்ப்பாட்டினால்தான்.

ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். கன்னடப் படங்கள்தாம் அதிகம். சலில் சௌதுரியின் வாத்தியக் குழுவில் கிட்டார் வாசித்தார். மற்ற இரு சகோதரர்களும் கிடைத்த இடத்தில் கிடைத்ததை வாசித்தார்கள். இப்படி எட்டு வருஷம். மேடையில் பத்து, பட்டணத்தில் எட்டு. 'திடீரென்று வந்தார்' என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

அந்த எட்டு வருஷத்தில் தமிழ்நாட்டு இளைஞர்களின் காதை இந்திப் பாட்டு பிடித்துக்கொண்டிருந்தது. 1969-ல் 'ஆராதனா', 1973-ல் 'பாபி'. பாஷை தெரியாமலே முணுமுணுத்தார்கள். அப்போது பஞ்சு அருணாசலம் ஒரு கிராமத்துக் கதையைப் படமாக எடுக்கும் யோசனையில் இருந்தார். கண்ணதாசனின் அண்ணன் மகன், பாட்டெழுதுகிறவர். கதை கொண்டுவந்த செல்வராஜ், தமக்குத் தெரிந்த ஒரு பையன் இருக்கிறான் என்று ராஜாவை அழைத்துவந்தார். ராஜா மேஜையில் தாளம் தட்டிச் சில பாட்டுகள் பாடினார். கல்யாண வீட்டிலும் வயல் வரப்பிலும் கேட்கிற வாசனை. பஞ்சு அருணாசலத்துக்குப் பிடித்துப்போயிற்று.

பெயர் என்ன போடுவது என்று பேச்சு வந்தது. 'பாவலர் பிரதர்ஸ்' என்று போடுங்கள் என்றார் ராஜா.

பஞ்சு அருணாசலம் சம்மதிக்கவில்லை. பழைய காலத்துப் பெயர் மாதிரி இருக்கிறது என்றார். வெறும் 'ராஜா' என்று போடலாமா? ஏற்கெனவே ஏ. எம். ராஜா இருக்கிறார். சரி, இவன் இளையவன். 'இளையராஜா' என்று இருக்கட்டும்.

அவ்வளவுதான் நடந்தது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் நான் இந்த இடத்தில் எப்போதும் சற்று நின்றுவிடுகிறேன். அந்தக் காலத்துச் சினிமாவில் இரட்டையர்களுக்குப் பஞ்சமில்லை. விஸ்வநாதன் - ராமமூர்த்தி என்று இரண்டு பெயரைத் தமிழ்நாடு ஒரே மூச்சில் சொல்லிப் பழகியிருந்தது. 'பாவலர் பிரதர்ஸ்' என்று திரையில் விழுந்திருந்தால் அதில் பாஸ்கர் இருந்திருப்பார், அமர் இருந்திருப்பார், பண்ணைப்புரத்தில் இருந்த மூத்தவரும் இருந்திருப்பார். பஞ்சு அருணாசலத்தின் மேல் குற்றமில்லை. வியாபாரி என்ற முறையில் அவர் சொன்னது முழுக்கச் சரி, மெட்டுகளும் ராஜாவுடையவைதாம். பெயர் கேட்ட அந்த நிமிஷத்தில் ராஜா தம் பெயரைச் சொல்லாமல் அண்ணனுடைய பெயரைச் சொன்னாரே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏவி. எம். ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. எஸ். ஜானகி பாட வந்திருந்தார். முதல் 'டேக்' என்று சொன்னதும் மின்சாரம் போய்விட்டது. நல்ல சகுனம் என்று யாரோ ஏளனமாகச் சொன்னது ராஜாவின் காதில் விழுந்தது. மின்சாரம் வந்தபின் பாடி, வாசித்து, போட்டுக் கேட்டால் நாடாவில் ஒன்றுமே பதிவாகவில்லை. மறுபடியும் பாடினார்கள். 1976 மே 14-ஆம் தேதி 'அன்னக்கிளி' வெளிவந்தது. சில வாரங்களில் டீக்கடை, சலூன், கல்யாணப் பந்தல் எங்கும் அந்தப் பாட்டுகள்தாம். பண்ணைப்புரத்திலிருந்து நானூறு ரூபாய்க்குப் போன ரேடியோ அதுவரை உயிரோடு இருந்திருந்தால், அதுவும் பாடியிருக்கும்.

மற்ற இருவரும் மறைந்துவிடவில்லை. பாஸ்கர் படத் தயாரிப்பில் இறங்கினார். கங்கை அமரன் 1977-ல் பாரதிராஜாவின் '16 வயதினிலே'க்குப் பாட்டெழுதினார், தனியாக இசையமைத்தார், படங்களை இயக்கினார். 1989-ல் வந்த அவருடைய 'கரகாட்டக்கார'னைப் பார்க்காத தமிழர் யார்? அதற்கு இசை அண்ணன்தான். இளையராஜா 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் வாத்தியக் குழுவைக் கொண்டு தம் சிம்பொனியை அரங்கேற்றினார்.

டீக்கடையில் லண்டன் வரைக்கும் போனதும் பையன்கள் மூவரும் சற்று நேரம் பேசவில்லை. கடைக்காரர் எங்கள் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு டீ சொல்கிறீர்களா, எழுந்திருக்கிறீர்களா என்று அர்த்தம். இன்னும் நான்கு டீ சொன்னேன்.

"சார், அந்தப் பெரிய அண்ணன்?" என்று கேட்டான் கிட்டார்ப் பையன். "பாவலரு. அவரு அன்னக்கிளி பாட்டைக் கேட்டாருங்களா?"

"இல்லை, தம்பி. படம் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணக் கச்சேரிக் குழுவுக்குப் போவதா வேண்டாமா என்று என்னைக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது. கேட்கவில்லை. ஏரிப் பக்கம் வெயில் வந்திருந்தது. பெஞ்சின்மேல் சாய்த்து வைத்திருந்த உறையிலிருந்து கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நேற்றுப் பனியில் இறங்கிப்போன தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்துச் சுருதி கூட்ட ஆரம்பித்தான். பேஸ் வாசிப்பவன் அவன் பக்கம் காதைச் சாய்த்து, "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றான்.